போர்மட் அடிக்க முன்: சேமிப்பு டிரைவர் பிழையால் விழுந்த விண்டோஸை எழுப்புதல்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ, விண்டோஸ் எழும்பாத லப்டொப் ஒன்றைத் திருத்தக் கொண்டுபோனால் அநேகமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஹாட் டிஸ்க் போட்டுது தம்பி, போர்மட் அடிச்சுத்தான் தரலாம்." கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. மேசையில் வரிசையாக மெஷின்கள் கிடக்கும்போது அவருக்குக் கெதியான வழி அதுதான். ஆனால் உள்ளே இருப்பது ஏ.எல் பிள்ளையின் செயற்றிட்டமாகவோ, கமக்காரர் அமைப்பின் கணக்காகவோ, வெளிநாட்டுக்கு அனுப்பவென்று ஸ்கேன் செய்து வைத்த பிறப்புச் சான்றிதழ்களாகவோ இருக்கும். போர்மட் அடித்த பிறகு அவற்றைத் தேடுவது பெரும்பாடு.

நீலத்திரை போட்டு விழுகிற கணினிகளில் பல வேளை டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நிற்கிற டிரைவரில்தான் பிழை இருக்கும். குளம் நிறையத் தண்ணீர் நிற்கிறது, துருசு இறுகிப்போனதால் வாய்க்காலுக்கு வரவில்லை என்றால் யாரும் குளக்கட்டை வெட்டப் போவதில்லை, துருசைத்தான் திருத்துவார்கள். சேமிப்பு டிரைவர் அந்தத் துருசு.

இந்த வழிகாட்டி, பயோஸ் என்ற பக்கத்தை (விண்டோஸுக்கு முன்பே எழும்பும், கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பக்கம்) ஒருநாளும் திறந்து பாராதவர்களுக்காக எழுதப்பட்டது. தேவையானவை: கமரா உள்ள போன் ஒன்று, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்ட்ரைவ், சார்ஜர், கரண்ட் போகாது என்று நம்பக்கூடிய ஒரு பின்னேரம். கடைசியாகச் சொன்னதுதான் எங்கள் பக்கத்தில் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும் பின்னேரங்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஒரு டிரைவர் ஏன் முழு விண்டோஸையும் விழுத்துகிறது?

வேர்ட் போன்ற ஒரு செயலி குழம்பினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் அப்படியல்ல, அது இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே பிழை நடந்தால், பிழையான தரவு டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடக் கூடாதென்று விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. அந்த நிறுத்தம்தான் நீலத்திரை. விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் அது கறுப்பாக வரும், பயப்பட வேண்டாம், விஷயம் ஒன்றுதான்.

சேமிப்புப் பக்கத்தில் இது எப்படி நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் 2024 ஒக்டோபரில் வந்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வெளியானதும், வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் எஸ்என்770, எஸ்என்580 ஆகிய எஸ்எஸ்டிகளின் (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்க்) 2 டிபி மொடல்களைப் பாவித்தவர்களுக்கு நீலத்திரை திரும்பத் திரும்ப வந்தது. அந்த எஸ்எஸ்டிகளுக்குத் தனியாக நினைவகம் கிடையாது, கணினியின் ராமில் ஒரு பகுதியைக் கடன் வாங்கித்தான் ஓடும். முந்திய விண்டோஸ் 64 எம்பி மட்டும் கொடுத்தது. புதிய விண்டோஸ், எஸ்எஸ்டி கேட்ட 200 எம்பியையும் கொடுத்தது. அவ்வளவு கிடைத்தபோது எஸ்எஸ்டியின் உள் மென்பொருள் தடுமாறியது. பிறகு நிறுவனம் ஃபேர்ம்வெயர் அப்டேட் ஒன்றை வெளியிட்டது, பிரச்சினை தீர்ந்தது. அந்த எஸ்எஸ்டிகளில் எதுவும் பழுதாகியிருக்கவில்லை. போர்மட் அடித்து அதே 24எச்2ஐத் திரும்பப் போட்டிருந்தால் அதே நீலத்திரைதான் வந்திருக்கும்.

முதலில் படம் எடுங்கள்

நீலத்திரை சில வினாடிகளில் மறைந்துவிடும். அதற்குள் போனால் ஒரு படம் எடுங்கள். கீழே "ஸ்டொப் கோட்" என்று ஒரு வரி இருக்கும், சில வேளை "வட் ஃபெயில்ட்" என்று இன்னொரு வரியும் இருக்கும். இரண்டாவது வரி வந்தால் அதிர்ஷ்டம், அதில் விழுந்த டிரைவர் கோப்பின் பெயரே இருக்கும். ஆங்கிலத்தில் ஐ, ஏ, எஸ், டி, ஓ, ஆர் என்ற எழுத்துகளில் தொடங்கினால் அது இன்டெலின் சேமிப்பு டிரைவர். "ஸ்டோர்" என்று தொடங்கி ஏஹெச்சிஐ அல்லது என்விஎம்இ (கணினி டிஸ்க்கோடு பேசும் முறைகளின் பெயர்கள்) என்று முடிந்தால் மைக்ரோசொஃப்டின் சொந்த டிரைவர்.

ஸ்டொப் கோட்டில் "இனாக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்" என்று இருந்தால், விண்டோஸ் தொடங்கியது, ஆனால் தன் சொந்த டிஸ்க்கையே அடைய முடியவில்லை என்று பொருள். இது வந்தால் சந்தேகம் நேராகச் சேமிப்பு டிரைவரிலும் பயோஸ் அமைப்பிலும் விழ வேண்டும். "கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர்" என்று வந்தால் கொஞ்சம் கவலைப்படலாம், டிஸ்க்கோ கேபிளோ உண்மையாகவே பழுதாகியிருக்கக்கூடும். அந்த நிலையில் கீழே சொல்லும் கோப்புக் காப்பாற்றும் வேலையை மற்ற எல்லாவற்றுக்கும் முன் செய்யுங்கள்.

பிரிண்டர், டொங்கிள், வெளி ஹாட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். சில நேரம் அவ்வளவுதான் பிரச்சினை.

பயோஸில் தேதியைப் பாருங்கள்

கணினியை ஓன் செய்த உடனே எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பி என்றால் எஃப்10, டெஸ்க்டொப்புகளில் பெரும்பாலும் டிலீட். பயோஸ் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தேதி. ஆண்டு பல வருடம் பின்னால் போய் நின்றால் பாதிக் கதை விளங்கிவிட்டது.

மதர்போர்ட்டில் காசுபோல வட்டமான ஒரு பட்டரி இருக்கும், சிஆர்2032 என்று அதன் மேல் எழுதியிருக்கும். அது செத்துப்போனால், கரண்ட் முழுதாகப் போகும் ஒவ்வொரு முறையும் பயோஸ் தன் அமைப்புகளை மறந்து, கம்பனியில் போட்ட நிலைக்குத் திரும்பிவிடும். பாடசாலைக் கணினி அறைகளிலும் கொம்யூனிகேஷன் கடைகளிலும் கிடக்கும் பழைய டெஸ்க்டொப்புகளில் இது சர்வசாதாரணம். விடுமுறைக்கு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போவார்கள், திரும்பி வந்து போட்டால் நாலைந்து மெஷின் ஒன்றாக நீலத்திரை காட்டும். வைரஸ் என்று ஒரு கதை உலாவும். நடந்தது என்னவென்றால், விண்டோஸ் போடும்போது சேமிப்பு முறை ஏஹெச்சிஐ என்று இருந்தது, பயோஸ் மறந்ததால் அது ஐடிஇ என்ற பழைய முறைக்கோ, பல டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்ட் முறைக்கோ மாறிவிட்டது. விண்டோஸ் ஏஹெச்சிஐ டிரைவரோடு எழும்பப் பார்க்கிறது, எதிரில் நிற்பது வேறு ஆள்.

திருத்துவது சுலபம். "அட்வான்ஸ்ட்" அல்லது "ஸ்டோரேஜ்" பக்கத்தில் "சாட்டா மோட்", "சாட்டா ஒப்பரேஷன்" போல ஒரு வரி இருக்கும். அதில் இப்போது என்ன இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டு, மற்றதுக்கு மாற்றி, எஃப்10 அடித்துச் சேமித்து எழுப்பிப் பாருங்கள். இந்த மாற்றத்தால் கோப்பு அழியாது. எழும்பினால் புது பட்டரி போடுங்கள், தேதியைச் சரிசெய்யுங்கள். ஒரே எச்சரிக்கை: இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்து உண்மையாகவே ரெய்ட் கட்டியிருக்கும் அலுவலகக் கணினியில் இதைத் தொடாதீர்கள். ரெய்ட் வொலியூமை உருவாக்கவோ அழிக்கவோ கேட்கும் எந்தப் பக்கத்துக்கும் போகாதீர்கள்.

பயோஸில் டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை என்றால் விஷயம் டிரைவர் அல்ல. டெஸ்க்டொப் என்றால் கரண்டை முழுதாகக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, டிஸ்க்கை மதர்போர்ட்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றிப் பூட்டுங்கள். உள்ளே சிவப்புத் தூசியும் பல்லி முட்டையும் இருக்கும், மெல்லிய பிரஷால் தட்டுங்கள். அப்போதும் தெரியாவிட்டால் டிஸ்க்கோ மதர்போர்ட்டோ போயிருக்கிறது. அதற்கு மேல் இந்தக் கட்டுரை உதவாது.

மீட்புப் பக்கத்துக்குப் போவது

டிஸ்க் தெரிகிறது, முறையும் சரி, ஆனாலும் விண்டோஸ் எழும்பவில்லை என்றால் விண்டோஸின் மீட்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். லோகோ வந்து வட்டம் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸே "ஒட்டோமெட்டிக் ரிப்பேர்" என்று சொல்லிக்கொண்டு வரும். "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்பதைத் தெரிவு செய்து, "ட்ரபிள்ஷூட்" என்பதற்குள் போங்கள். அங்கே "ரீசெட் திஸ் பிசி" என்று ஒன்று கண்ணைக் கவரும். அதைத் தொட வேண்டாம். "கீப் மை ஃபைல்ஸ்" என்று கேட்டாலும் செயலிகள் எல்லாம் போய்விடும், டிரைவர் பிழை இருக்கும்போது ரீசெட் பாதியில் நின்றால் நிலைமை இன்னும் மோசம்.

இந்த இடத்தில் சிலருக்கு 48 இலக்கம் கொண்ட ஒரு சாவி கேட்கும். பிட்லொக்கர் என்ற குறியாக்கம் அது. நான் இதை ஓன் செய்யவே இல்லையே என்று நினைப்பீர்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைந்த புதிய லப்டொப்புகள் பலவற்றில் அது தானாகவே ஓன் ஆகியிருக்கும். போனில் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்குக்குள் போய், சாதனங்கள் பகுதியில் பாருங்கள், சாவி அங்கே இருக்கும். லப்டொப்பை வாங்கித் தந்த கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கியிருந்தால் சாவி அவருடைய கணக்கில் கிடக்கும், அவரிடம்தான் கேட்க வேண்டும். சாவி இல்லாமல் கோப்புகளை எந்தக் கெட்டிக்காரராலும் எடுக்க முடியாது. ஆகவே கணினி நன்றாக ஓடும்போதே அந்த இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

நோட்பேட்டால் கோப்புகளைக் காப்பாற்றுவது

திருத்தத் தொடங்க முன் முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். இதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை, மீட்புப் பக்கத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாது.

பென்ட்ரைவைச் செருகுங்கள். "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" பக்கத்தில் "கொமாண்ட் ப்ரொம்ப்ட்" என்பதைத் திறங்கள். கறுப்புப் பெட்டி வரும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டி எண்டர் அடியுங்கள். வழமையான நோட்பேட் திறக்கும். அதில் "ஃபைல்" மெனுவில் "ஓப்பன்". இப்போது வந்திருக்கும் பெட்டி ஒரு சின்ன கோப்பு உலாவி. கீழே "டெக்ஸ்ட் டொக்யுமென்ட்ஸ்" என்று இருப்பதை "ஓல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் "திஸ் பிசி" என்பதற்குள் போனால் டிஸ்க்குகள் வரிசையாக வரும். இங்கே சி என்று இருப்பது உங்கள் சி ஆக இருக்க வேண்டியதில்லை, எழுத்துகள் மாறியிருக்கும். "யூசர்ஸ்" என்ற ஃபோல்டர் எதற்குள் இருக்கிறதோ அதுதான் உங்கள் டிஸ்க்.

உள்ளே போய், வேண்டிய ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து "சென்ட் டு" வழியாகப் பென்ட்ரைவைத் தெரிவு செய்யுங்கள். அனுப்பிய பிறகு திரை உறைந்ததுபோல் நிற்கும். எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது. கை வைக்காமல் விடுங்கள், பென்ட்ரைவின் லைட் மினுங்குவதை மட்டும் பாருங்கள். முடிந்ததும் பென்ட்ரைவைத் திறந்து, இரண்டு மூன்று கோப்புகளின் அளவு பூச்சியமாக இல்லையா என்று சரிபாருங்கள். "டெஸ்க்டொப்" ஃபோல்டரை மறக்காதீர்கள், எங்கள் ஆட்கள் எல்லாவற்றையும் அங்கேதான் போட்டு வைப்பார்கள்.

இந்தக் கொப்பி சிக்கலின்றி ஓடினால் அதுவே ஒரு நல்ல செய்தி. மீட்புப் பக்கம் உங்கள் விண்டோஸில் பிறகு ஏற்றிய டிரைவர்களை அல்ல, தனக்குள் இருக்கும் டிரைவர்களைப் பாவிக்கிறது. அங்கே டிஸ்க் ஒழுங்காக வாசிக்கிறது, விண்டோஸுக்குள் மட்டும் விழுகிறது என்றால் டிரைவர் மேல் சந்தேகம் இறுகுகிறது. கொப்பி நடக்கும்போது அடிக்கடி நின்றாலோ, ஹாட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாலோ, டிஸ்க்கே சாகிறது என்று கொள்ளுங்கள். அந்த நேரத்தில் செக் டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியை ஓட விடாதீர்கள். சாகிற டிஸ்க்கை முழுதாக வாசிக்கச் சொன்னால் கடைசி மூச்சும் அதிலேயே போய்விடும்.

டிரைவரைப் பின்வாங்குவது

கோப்புகள் கையில் வந்த பிறகுதான் உண்மையான திருத்தம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்ததும் எழுப்பிப் பாருங்கள். நாலு மாற்றத்தை ஒன்றாகச் செய்துவிட்டு எழும்பினால், எது திருத்தியது என்று தெரியாது. எழும்பாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

நேற்று அல்லது இன்று அப்டேட் ஏறிய பிறகுதான் விழுந்தது என்றால், மீட்புப் பக்கத்தின் "அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்" முதல் மருந்து. "குவாலிட்டி அப்டேட்" மாதந்தோறும் வருவது, அதை முதலில் கழற்றுங்கள். "ஃபீச்சர் அப்டேட்" என்பது முழுப் பதிப்பு மாற்றம். அப்டேட்டைக் கழற்றியும் சரிவராவிட்டால் "சிஸ்டம் ரீஸ்டோர்" பாருங்கள். பழைய தேதி ஒன்று பட்டியலில் இருந்தால் அதற்குத் திரும்பலாம், உங்கள் சொந்தக் கோப்புகளை அது தொடாது. பல மெஷின்களில் இது ஓஃப் செய்யப்பட்டே இருக்கும், பட்டியல் வெறுமையாக வந்தால் மனம் தளர வேண்டாம்.

அடுத்தது சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸை எழுப்பும் முறை. "ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்" என்பதற்குள் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, எண்கள் வந்ததும் 4 அழுத்துங்கள். சேஃப் மோட்டில் வழமையான பின் இலக்கம் சில வேளை வேலை செய்யாது, கணக்கின் முழுக் கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேஃப் மோட் பற்றி ஒரு விஷயத்தைப் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள். கிராஃபிக்ஸ், சவுண்ட் போன்ற டிரைவர்களை அது ஏற்றாமல் விடும். ஆனால் சேமிப்பு டிரைவரை விட முடியாது, அது இல்லாமல் விண்டோஸை டிஸ்க்கிலிருந்து வாசிக்கவே இயலாதே. ஆகவே சேஃப் மோட்டிலும் அதே ஸ்டொப் கோட் வந்தால் சேமிப்பு டிரைவர் மேல் சந்தேகம் கூடும். சேஃப் மோட் நன்றாக ஓடினால் ஆன்டிவைரஸ் போன்ற வேறு டிரைவர்களையும் யோசிக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களையும் வங்கிகளையும் நிறுத்திய, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பனியின் கோளாறு அந்த வகை. மைக்ரோசொஃப்டின் கணிப்பில் 85 இலட்சம் கணினிகள் விழுந்தன, தீர்வோ சேஃப் மோட்டுக்குள் போய் ஒரு கோப்பை அழிப்பதாகவே இருந்தது.

சேஃப் மோட்டுக்குள் வந்ததும் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து "டிவைஸ் மனேஜர்" திறங்கள். "ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்" அல்லது "ஐடிஇ ஏடிஏ" என்று தொடங்கும் வரியை விரித்தால் இன்டெல் அல்லது ஏஎம்டி பெயரில் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். அதன் "ப்ரொப்பட்டீஸ்", பிறகு "டிரைவர்" பக்கம். டிரைவர் தேதி அண்மையில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். "ரோல் பேக் டிரைவர்" பட்டன் உயிரோடு இருந்தால் அழுத்துங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் சேமிப்பில் இல்லை.

அப்படியானால் கம்பனி டிரைவரை விட்டுவிட்டு மைக்ரோசொஃப்டின் பொதுவான டிரைவருக்கு மாறலாம். "அப்டேட் டிரைவர்", "பிரவுஸ் மை கொம்பியூட்டர்", "லெட் மீ பிக்" என்று போங்கள். "ஷோ கொம்பட்டிபிள் ஹார்ட்வெயர்" என்ற டிக்கை எடுக்கவே வேண்டாம். பட்டியலில் "ஸ்டாண்டர்ட் சாட்டா ஏஹெச்சிஐ கன்ட்ரோலர்" அல்லது "ஸ்டாண்டர்ட் என்விஎம் எக்ஸ்பிரஸ் கன்ட்ரோலர்" இருந்தால் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வலிந்து வேறொன்றைப் போடாதீர்கள், பயோஸ் ரெய்ட் முறையில் இருப்பதால்தான் அது வரவில்லை.

அந்த ரெய்ட் முறையிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாறுவதும் ஒரு தீர்வுதான். ஒரே டிஸ்க் உள்ள வீட்டு லப்டொப்புக்கு ரெய்ட் முறையால் பெரிதாக ஒரு லாபமும் இல்லை என்பது என் அபிப்பிராயம். நேரே பயோஸில் மாற்றினால் நீலத்திரை வரும், அதனால் வரிசை முக்கியம். சேஃப் மோட்டிலோ சாதாரண விண்டோஸிலோ "சிஸ்டம் கன்ஃபிகரேஷன்" என்பதைத் தேடித் திறந்து, "பூட்" பக்கத்தில் "சேஃப் பூட்" என்ற பெட்டியில் டிக் போடுங்கள். ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும்ப விடாமல் பயோஸுக்குள் போய் ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். புதிய இன்டெல் லப்டொப்புகளில் ஏஹெச்சிஐ என்ற சொல்லே இருக்காது, "விஎம்டி" (இன்டெலின் சேமிப்பு முறை) என்ற வரியை டிசேபிள் செய்ய வேண்டும். ஏசர் லப்டொப்பில் அது மறைந்திருக்கும், பயோஸின் "மெயின்" பக்கத்தில் நின்று கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். இப்போது விண்டோஸ் சேஃப் மோட்டில் எழும்பி, தேவையான டிரைவரைத் தானே பொருத்திக்கொள்ளும். திரும்ப "சிஸ்டம் கன்ஃபிகரேஷன்" போய் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். டிக்கை எடுக்க மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோட்டிலேயே நிற்கும். பிட்லொக்கர் சாவி கையில் இல்லாமல் இந்த மாற்றத்தைத் தொடங்கவே வேண்டாம்.

எழும்பிய பிறகு பார்க்க வேண்டியவை

எழும்பிவிட்டது என்று உடனே மூடி வைக்காதீர்கள். "கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்தில் "குட்" என்றிருந்தால் சரி. மஞ்சளில் "கோஷன்" வந்தால், "ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்", "கரண்ட் பெண்டிங் செக்டர்" ஆகிய வரிகளில் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றனவா என்று சில நாட்கள் கவனியுங்கள். ஏறினால் புது டிஸ்க் வாங்கும் நேரம். "சிஆர்சி எரர்" மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான், டிஸ்க்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

"ஈவென்ட் வியூவர்" திறந்து "விண்டோஸ் லொக்ஸ்" என்பதற்குள் "சிஸ்டம்" பாருங்கள். 7 என்ற எண்ணோடு "டிஸ்க்" என்று வந்தால் டிஸ்க்கில் கெட்ட பகுதி இருக்கிறது. 129 என்று அடிக்கடி வந்தால், டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றது, டிரைவர் அதைத் தட்டி எழுப்பியது என்று அர்த்தம். இதற்கு ஒரு சின்ன வைத்தியம் உண்டு: பவர் ஒப்ஷன்ஸில் "பிசிஐ எக்ஸ்பிரஸ்" என்பதன் கீழ் "லிங்க் ஸ்டேட் பவர் மனேஜ்மென்ட்" என்பதை ஓஃப் செய்யுங்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கப்போகும் எஸ்எஸ்டி சில வேளை நேரத்துக்கு எழும்புவதில்லை. 41 என்ற எண் "கேர்னல் பவர்" என்று வந்தால் கணினி ஒழுங்காக மூடப்படாமல் நின்றது என்பது மட்டும்தான். எங்கள் ஊரில் அது அநேகமாகக் கரண்ட் போன நேரம், அதைப் பார்த்து டிரைவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் "மினிடம்ப்" என்று ஒன்று இருக்கும், ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு கோப்பு அதில் விழும். "ப்ளூ ஸ்க்ரீன் வியூ" என்ற இலவசக் கருவி அதைத் திறந்து சந்தேகமான டிரைவரை இளஞ்சிவப்பில் காட்டும். நீலத்திரை பல தடவை வந்தும் அந்த ஃபோல்டர் வெறுமையாக இருந்தால் அதுவும் ஒரு தடயம். அந்தக் கோப்பும் டிஸ்க்கில்தான் எழுதப்பட வேண்டும், டிஸ்க்குக்குப் போகும் வழியே அடைபட்டிருந்தால் எழுத இடமேது?

பிறகு செட்டிங்ஸில் அப்டேட்டை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். அந்த இடைவெளியில் லப்டொப் கம்பனியின் தளத்துக்குப் போய், உங்கள் மொடலுக்கு வந்திருக்கும் சேமிப்பு டிரைவர், பயோஸ், எஸ்எஸ்டி ஃபேர்ம்வெயர் மூன்றையும் பாருங்கள். டிரைவர்களைத் தேடித் தருகிறேன் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் எதுவும் வேண்டாம், அவற்றாலேயே விழுந்த கணினிகள் உண்டு. ஃபேர்ம்வெயர் ஏற்றும்போது லப்டொப் பட்டரி நிறைந்திருக்க வேண்டும், டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் கட்டாயம். பாதியில் கரண்ட் போனால் எஸ்எஸ்டியே திரும்பி எழும்பாமல் போகக்கூடும். மாங்குளத்துக்கு அப்பால் உள்ளே இருப்பவர்கள், இதை ஊரில் செய்யாமல் டவுனில் யூபிஎஸ் உள்ள இடத்துக்குக் கொண்டுபோய்ச் செய்வது நல்லது.

புதிதாக விண்டோஸ் அடித்தே ஆக வேண்டும் என்றால்

எல்லாம் செய்தும் சரிவரவில்லை, கோப்புகளும் கையில் வந்துவிட்டன என்றால் அடிக்கலாம். விண்டோஸ் 11 தரவிறக்கம் 5 ஜிபிக்கு மேல் வரும், பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அதில் போடுங்கள். 2020க்குப் பிறகு வந்த இன்டெல் லப்டொப்புகள் பலவற்றில் டிஸ்க்கைத் தெரிவு செய்யும் பக்கம் வெறுமையாக வரும். டிஸ்க் போட்டுது என்று அங்கே முடிவெடுத்துவிடாதீர்கள். விஎம்டி டிரைவர் விண்டோஸ் நிறுவியில் இல்லை, அவ்வளவுதான். லப்டொப் கம்பனியின் தளத்தில் "இன்டெல் ரெப்பிட் ஸ்டோரேஜ்" டிரைவரைப் போனிலேயே இறக்கி, இன்னொரு கணினியில் விரித்து, அந்த ஃபோல்டரைப் பென்ட்ரைவில் போடுங்கள். விரிக்காத செட்டப் கோப்பை நிறுவி ஏற்காது. வெறுமையான பக்கத்தில் "லோட் டிரைவர்" அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் பட்டியலில் வந்து நிற்கும்.

கடையில் கொடுத்து அடிப்பிப்பவர்கள், "விஎம்டி டிரைவர் லோட் பண்ணிப் பாருங்கோ அண்ணை, டிஸ்க் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். டி டிரைவில் கோப்புகள் இருந்தால் அதைத் தொட வேண்டாம் என்று ரசீதின் பின்னால் எழுதிக் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள்.